கோன் கேனில் கோய் ப்ளா: வெந்ததைக் கேட்டு வாங்குங்கள்

ஐந்துக்கு நான்கு. தாய்லாந்தின் கோன் கேனில், பூங் கேன் நகோன் ஏரியை ஒட்டிய சந்தில் இருக்கிற தகரக் கூரைக் கடை. பெயர்ப்பலகை முழுக்கத் தாய் எழுத்து; வாசலில் மீன் படம் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

சாப்பிட வேண்டியது கோய் ப்ளா. ஈசான்காரர்கள், அதாவது வடகிழக்குத் தாய்லாந்துக்காரர்கள், ஆற்றுக் கெண்டையைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சை, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், புதினா, வறுத்து இடித்த அரிசி போட்டுப் பச்சையாகவே பிசைந்து சாப்பிடுவார்கள். இந்தக் கடை அக்கா மீனை முதலில் சட்டியில் வதக்குகிறார். கண்ணாடி மாதிரி இருக்கிற சதை வெளுத்து உதிர்கிற வரைக்கும் கரண்டியை விடுவதில்லை. எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகுதான், அதனால் புளிப்பு துள்ளலாக நிற்கிறது. அரிசிப் பொடி அன்றன்று வறுத்தது, வாசனையே சொல்லிவிடும். ஒட்டும் அரிசிச் சோற்றை உருட்டித் தொட்டுச் சாப்பிட்டால், பச்சையில்தான் ருசி என்று யாரும் வாதாட முடியாது.

வதக்கியதற்கு இத்தனை பாராட்டா என்றால், ஆமாம். அங்கத்திக் கெண்டை வகை மீன்களில் கல்லீரல் தட்டைப்புழுவின் லார்வா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எலுமிச்சை, மிளகாய், கூடக் குடிக்கிற சாராயம் எதையும் நம்ப முடியாது. வயிற்றுக்குள் போனால் பித்தநாளத்தில் குடியேறி, வருஷக்கணக்காக நாளத்தை அழற்சியிலேயே வைத்திருக்கும். பித்தநாளப் புற்றுநோய்க்கு இது காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அறிவித்துவிட்டது. உலகத்திலேயே அந்தப் புற்றுநோய் மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்று இதே கோன் கேன்.

ஒரு நட்சத்திரம் குறைந்தது இதனால்தான்: கேட்டால் பச்சையாகவும் தருகிறார்கள். பக்கத்து மேஜைப் பெரியவர் அப்படித்தான் வாங்கினார். கேட்டதற்கு, "அப்புறம் மாத்திரை போட்டுக்கொள்வேன்" என்று சிரித்தார். அந்த மாத்திரை, பிராசிகுவாண்டல், உள்ளே இருக்கிற புழுவைக் கொல்லும், சரி. அடுத்த தட்டில் வருவதைத் தடுக்காதே! திரும்பத் திரும்பத் தொற்றினால் ஆபத்து கூடத்தான் செய்யும். மாத்திரையே இந்தத் தைரியத்தைக் கொடுத்துவிட்டது என்பது என் எரிச்சல். இதில் பச்சைக்கும் வெந்ததற்கும் ஒரே வெட்டுக்கட்டை வேறு. அக்காவிடம் சொன்னேன், தலையாட்டினார், மாற்றியதாகத் தெரியவில்லை.

அதனால் கூட்டம் சேர்வதற்கு முன், கட்டை கழுவியிருக்கும்போதே போய்விடுங்கள். ஆர்டர் சொல்லும்போது "சுக்" என்று அழுத்திச் சொன்னால் வெந்ததுதான் வரும். பப்பாளி சாலட்டுக்குப் புளிக்கவைத்த மீன் சாறான ப்ளா ராவைக் காய்ச்சி ஊற்றச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்து தருவார்.