விண்டோஸ் 11: டிடிபி கடைக்கு ஒத்துவருமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகும் 11-க்குப் போகத் தயங்கும், பேனரும் அழைப்பிதழும் வடிவமைக்கும் மதுரை சிம்மக்கல் டிடிபி கடைக்காரரிடம், 'பழசையே கட்டிக்கிட்டு அழுறீங்களேண்ணே' என்பான் சர்வீஸுக்கு வரும் பையன். ஆனால் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது.

முகூர்த்த மாதத்தில் ஒரே சிஸ்டத்தில் ஏழெட்டு ஃபோல்டர் திறந்திருக்கும்: 'காதணி 10க்கு 8', 'நினைவஞ்சலி', 'மொய் கவர்'. 10-இல் டாஸ்க்பாரில் (திரையின் அடிப்பட்டையில்) ஐகான்களை ஒன்றாகச் சேர்ப்பதை 'நெவர்' என்று வைத்தால் ஒவ்வொன்றும் பெயரோடு தனித்தனியாக நிற்கும். 2021 அக்டோபரில் 11 வெளியானபோது அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். எல்லா ஃபோல்டரும் ஒரே மஞ்சள் ஐகானுக்குள் அடக்கம். மவுஸை வைத்தால் விரியும் குட்டிப் படங்களில் எது எதுவென்று சட்டெனப் பிடிபடாது. காதணிக்குப் போகவேண்டிய படம் நினைவஞ்சலி ஃபோல்டரில் விழுந்தால் என்ன நடக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

11-இன் 23ஹெச்2 பதிப்பில் அந்த 'நெவர்' வசதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் உங்கள் பதிப்பு தெரியும். டாஸ்க்பாரில் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். அங்கே 'கம்பைன்' என்று தொடங்கும் வரியை 'நெவர்' ஆக்குங்கள். இரண்டு மானிட்டர் என்றால் அதற்கான வரி தனி; அதை மறந்துவிடுவார்கள். அதே இடத்தில் 'அலைன்மென்ட்'டை 'லெஃப்ட்' என்று மாற்றுங்கள். நடுவில் இருந்தால் விண்டோ கூடக் கூட ஸ்டார்ட் பட்டன் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். மூலையில் இருந்தால் பார்க்காமலே கை போய்விடும்.

ரைட் கிளிக்தான் அடுத்த தலைவலி. கட், காப்பி, ரீநேம் எல்லாம் வெறும் படங்களாகிவிட்டன. அந்த வரிசையும் கிளிக் செய்த இடத்தைப் பொறுத்து மெனுவின் மேலேயோ கீழேயோ வரும். பெயர்கள் 24ஹெச்2-இல்தான் சேர்ந்தன. ஃபைல்களைச் சுருக்கும் வின்ராரின் பழைய பதிப்பை வைத்திருந்தால் அதன் கட்டளைகளை 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே தேடவேண்டும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும். (நம் ஊரில் பிள்ளையார் சுழி மாதிரி போடும் ரிஃப்ரெஷ் பத்திரமாக இருக்கிறது.)

2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனைத் தூக்கியது. அடுத்த ஆண்டே 8.1-இல் பட்டன் திரும்பியது. புலம்பல் என்று ஒதுக்கியதைத் தயாரித்தவர்களே பிறகு சரிசெய்திருக்கிறார்கள்.

'நெவர்', 'லெஃப்ட்', ஷிஃப்டோடு ரைட் கிளிக் என இந்த மூன்றையும் முடித்துவிட்டால் டிடிபி வேலைக்கு 11 தாராளமாகப் போதும். 11 முறைப்படி ஏற்காத, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிஸ்டத்தில் குறுக்கு வழியில் ஏற்றாதீர்கள். அது ஆன்லைன் விண்ணப்பம் மட்டும் போடும் கவுன்டர் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் சின்னமன் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போதும்; மெனு இடது மூலையிலேயே இருக்கும். பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் அதில் நேரடியாக ஏறாது.

முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பார்த்து மாற்றுங்கள். ஃபார்மட் செய்யாமல் அப்கிரேட் செய்திருந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் 'கோ பேக்' பத்து நாள் வரை இருக்கும். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழிக்காதீர்கள்.