அசோகச் சிங்கச் சிலையை நெருங்கி எடுக்க: மேக்ரோ லென்ஸா, டியூபா?

சாரநாத் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலச் சிலை இரண்டு மீட்டருக்கும் கூடுதலான உயரம். நம் மேசையில் நிற்கும் பித்தளைப் பிரதி விரல் நீளம்தான். அதன் பீடத்தில் ஓடும் குதிரையையும் எருதையும் படத்தில் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு.

50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் வெற்றுக் குழாய்) போட்டால், பொருளின் உருவம் அதன் பாதி அளவில் கேமராவின் சென்சாரில், அதாவது படத்தைப் பதியும் சில்லில், விழும். டியூபுக்குள் கண்ணாடி கிடையாது, அதனால் விலை குறைவு. ஆனால் சிலையை ஒட்டியே போக வேண்டும். பித்தளைக்கு இது பெரிய தொல்லை: கேமராவின் நிழல் விழும், பளபளப்பில் லென்ஸே கருப்பாகத் தெரியும். முன்சிங்கத்தின் முகமும் புடைத்துவிடும்.

நெருக்கப் படங்களுக்கென்றே செய்த 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இன்னும் தள்ளி நின்றே அதே அளவைத் தரும். இடையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒளியை மென்மையாக்கலாம். பிடரிமயிரின் சுருள்கள் அப்போதுதான் எழுந்து வரும். பொருளின் முழு அளவிலேயே சென்சாரில் விழும்வரையும் போகலாம், தர்மச் சக்கரத்தின் 24 ஆரங்களுக்கு அது தேவைப்படும்.

அதே அளவில் எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் இரண்டிலும் ஒன்றுதான், மிக மெலிது. அதைக் கூட்ட லென்ஸின் துளையை எஃப்/22 வரை சுருக்கினால் படம் மழுங்கும். அதைவிடப் பெரிய துளையான எஃப்/8-இல் ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைப்பதே நல்லது. அப்புறம், முக்காலி இல்லாமல் இரண்டுமே வீண்.

என் ஓட்டு மேக்ரோவுக்கே. கல்லாலோ மரத்தாலோ ஆன பிரதி என்றால் டியூபே போதும்.