பாட்டு நன்று, பார்வைதான் சரியில்லை: தக்கலைப் பக்கத்துச் சபை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

பணி மாற்றலாகிக் குமரி மாவட்டத்தின் தக்கலைப் பக்கம் வாடகை வீட்டில் குடியேறியதிலிருந்து, நடந்துபோகும் தொலைவில் இருக்கும் ஒரு சீர்திருத்த (புரொட்டஸ்டண்ட்) சபையின் ஞாயிறு ஆராதனைகளில் கலந்துகொண்டு வருகிறேன். சபையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு சபை மட்டும் குற்றவாளியாக நிற்கும், இதே வழக்கங்களைக் கொண்ட அக்கம்பக்கத்துச் சபைகளெல்லாம் தமக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடும். தேவாலயத்துக்கு மதிப்புரை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆராதனையின் ஆவிக்குரிய பலனை அளக்க எனக்குத் தகுதியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசலில் வரவேற்பது, இடம் காட்டுவது, அறிவிப்பு வாசிப்பது, புதிதாக வந்தவரிடம் நாலு வார்த்தை பேசுவது ஆகியவை மனிதர் மனிதருக்குச் செய்கிற காரியங்கள். அவற்றின் தரத்தைப் பற்றிப் பேசுவதில் தெய்வ நிந்தனை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிவித்த நேரத்துக்கு மணி அடிக்கிறது, அடித்தவுடன் ஆராதனை தொடங்குகிறது. பாடகர் குழு நான்கு குரலிலும் பயிற்சி பெற்றது; பழைய கீர்த்தனைகளை ராகம் சிதையாமல் பாடுகிறார்கள், புதிய பாடல்களில் விசைப்பலகையை அடக்கி வாசிக்கிறார்கள். ஒலிபெருக்கி காதைப் பிளப்பதில்லை. முதியவர்கள் ஏறச் சாய்தளம் உண்டு, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, குடிதண்ணீர் எப்போதும் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் பார்த்ததில்லை. இவ்வளவும் சரியாக இருக்கும் ஓர் இடத்திலிருந்து ஆட்கள் ஏன் விலகிப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

விடை வாசலிலேயே கிடைக்கிறது. வரவேற்புக் குழு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சட்டைப்பையில் அட்டை செருகிய நடுவயது ஆண்கள் படிக்கட்டில் இருபுறமும் நிற்கிறார்கள். ஊருக்குத் தெரிந்த முகம் என்றால் கை கூப்பி, தோள் தொட்டு, உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். தெரியாத முகம் என்றால் விசாரணை தொடங்குகிறது. "எந்த ஊரு? யாருக்க மவன்? வீடு சொந்தமா, வாடகையா? அப்பா எந்தச் சபை?" என்று கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. குமரி மாவட்டத்தில் யாருக்க மவன் என்று கேட்பது இயல்பான பேச்சு, அதில் அன்பும் உண்டு என்பதை அறிவேன். ஆயினும் இங்கே கேள்விகள் போகும் திசை வேறு. பூர்வீகம், தாய்வழி, மாமனார் வீடு என்று சுற்றிச் சுற்றி வந்து, கேட்கத் தயங்குகிற ஒன்றைக் கேட்காமலே தெரிந்துகொண்ட பிறகுதான் விசாரணை நிற்கிறது. அந்த ஒன்று சாதி என்பதை இந்த மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. இதே மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்து, கிறிஸ்தவரானதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட தேவசகாயத்தை 2022 மே 15 அன்று ரோமாபுரியில் புனிதராக அறிவித்தபோது அவருடைய பெயரிலிருந்து சாதிப் பின்னொட்டை நீக்கிவிட்டார்கள். அவர் பிறந்த மண்ணின் தேவாலயப் படிக்கட்டுகளில் அதைத் துருவித் தேடும் பழக்கம் நீங்கவில்லை. அவர் கத்தோலிக்கர், நாங்கள் வேறு என்று சீர்திருத்தச் சபையார் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது, ஏனெனில் படிக்கட்டு விசாரணையில் இரு தரப்பாருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

விசாரணையின் முடிவு இருக்கையில் தெரியும். மருத்துவர், கல்லூரிப் பேராசிரியர், ஒப்பந்தக்காரர் ஆகியோருக்கு முன்வரிசை. வாடகை வீட்டார்க்கும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் தூண் மறைக்கிற பின்வரிசை. இப்படி ஒரு விதி எழுதப்படவில்லை, கேட்டால் மறுப்பார்கள், ஆனால் வாரந்தோறும் அப்படித்தான் அமைகிறது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தியவனுக்குக் கால்மாட்டில் இடமும் காட்டாதீர்கள் என்று யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கண்டிப்பதை, இதே சபையில் இதே பீடத்தில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். வாசித்தவர் தெளிவாக, உச்சரிப்புப் பிழையின்றி வாசித்தார்.

உடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், விடுமுறைக்கு வந்தவள், ஜீன்ஸும் நீளமான சட்டையும் அணிந்து ஆராதனைக்கு வந்தாள். மூத்த பெண்மணி ஒருவர் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்துபோய், "பிள்ளே, கோயிலுக்கு வருகிற கோலமா இது?" என்று நாலு வரிசைக்குக் கேட்கும்படி கேட்டார். அந்தப் பெண் பதில் பேசவில்லை. காணிக்கைப் பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விட்டாள். அவளுடைய தாயார் இப்போதும் வருகிறார், மகள் வருவதில்லை. இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இந்த மாவட்டத்தின் சீர்திருத்தச் சபைகள் வேரூன்றிய காலத்தில், தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகச் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். 1822-இல் தொடங்கிய அந்தத் தோள்சீலைப் போராட்டம் பல கட்டங்களாக நீண்டு, 1859-இல் திருவிதாங்கூர் அரசர் பிரகடனம் வெளியிட்ட பிறகே ஓரளவு தணிந்தது. பெண் எதை உடுத்த வேண்டும் என்பதை அவளைத் தவிர மற்றவர்கள் தீர்மானித்த கொடுமையை எதிர்த்து நின்ற வரலாறு இது. நூற்றாண்டு மலர்களிலும் ஆண்டு விழா மேடைகளிலும் அந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்கிற சபைதான், அந்தப் பாட்டிமாரின் கொள்ளுப்பேத்தியை ஆடையின் பேரில் வெளியே அனுப்பியது.

பெருமை என்று சொன்னேன். இந்தச் சபையின் ஆணவத்துக்கு வேர் அந்தப் பெருமையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நாங்கள் ஏழாம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள், எங்கள் முப்பாட்டனார் மிஷனரி கையால் ஞானஸ்நானம் பெற்றவர் என்று சொல்வதில் தவறில்லை. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததும், அவ்வூர்க்காரரான மகராசன் வேதமாணிக்கம் அவருக்குத் துணை நின்றதும், 1819 புத்தாண்டு நாளில் நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் யாரும் நினைத்துப் பெருமைப்படத்தக்க நிகழ்ச்சிகள். கல்வியும் மருத்துவமும் சந்தையில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையும் அந்த வழியாகத்தான் இங்கே பலருக்கு வந்தன. ஆனால் முன்னோர் பெற்ற விடுதலையைப் பின்னோர் பட்டயமாக மாற்றிக்கொண்டு, அந்தப் பட்டயம் இல்லாதவரைக் கீழே பார்க்கத் தொடங்கினால், விடுதலை எதற்கு என்ற கேள்வி வருகிறது. ரிங்கல்தௌபே தமக்கு வந்த சம்பளத்தைப் பிறருக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு எளிய உடையில் திரிந்தவர். 1816-இல் திருவிதாங்கூரை விட்டுச் சென்னைக்குப் போனபோது உடம்பில் ஒரு நல்ல மேற்சட்டைகூட இருக்கவில்லை என்று மிஷன் வரலாறு கூறுகிறது. அந்தக் கோலத்தில் அவர் இந்தப் படிக்கட்டில் ஏறினால் வரவேற்புக் குழுவினர் அவரை எங்கே உட்கார வைப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன், தூணுக்குப் பின்னால்தான்.

பிரசங்கத்துக்கு வருவோம். போதகர் நன்றாகப் பேசக்கூடியவர், வேதத்தை ஆழமாகப் படித்தவர். முதல் இருபது நிமிடம் வசனத்தோடு இருக்கிறார். அதற்குப் பிறகு ஊரோடு இறங்கிவிடுகிறார். பெயர் சொல்லாமல், ஆனால் கேட்பவர் அனைவருக்கும் யார் என்று புரியும்படி, விவாகரத்து வழக்கு நடத்தும் குடும்பம், மதம் மாறித் திருமணம் செய்த பையன், குடியை விட முடியாத தகப்பன் என்று ஒவ்வொருவராகப் பீடத்துக்கு இழுக்கிறார். குடிக்கு எதிராகப் பேச வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் குடிகாரனின் மனைவி மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது, அந்த வீட்டின் கதையை உதாரணமாக எடுத்துச் சபை தலையாட்டுவதைக் கேட்பது பிரசங்கம் ஆகாது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெண்ணிடம் ஒருவரும் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன்னை நீதிமானாக எண்ணிப் பெருமை பேசிய பரிசேயனும், தன்னைப் பாவி என்று தாழ்த்திக்கொண்ட ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஜெபிக்கப் போன உவமையை இந்தச் சபையார் எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள். அதைக் கேட்கும்போது தன்னை ஆயக்காரனாகவே ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வதுதான் அந்த உவமையின் தலைவிதி.

அறிவிப்புப் பகுதி நீளமானது, அதுவும் ஒரு தேர்வுக்கூடமே. காணிக்கை கொடுத்தோர் பட்டியல் பெயரும் தொகையுமாக ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகிறது. ஐந்நூறு ரூபாய்க்காரரின் பெயர் வேகமாகக் கடந்து போகிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்காரரின் பெயருக்கு முன்னால் பட்டமும் பின்னால் பதவியும் சேர்ந்துகொள்கின்றன. அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலையும் சக்கைப்பழமும் மரச்சீனியும் ஏலத்துக்கு வருகின்றன. பண்டிகையின் மகிழ்ச்சிக்காக நடக்கும் அந்த ஏலத்தை நான் மிகவும் விரும்புகிறவன். ஆனால் ஒரு செவ்வாழைக்குலையை இரண்டு பெரிய மனிதர்கள் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போக, அதைக் கொண்டுவந்து கொடுத்த விவசாயியின் பெயரை யாரும் கேட்காமல் விடுவது எந்த வகை நன்றியறிதல் என்று தெரியவில்லை. சந்தா பாக்கி இன்னும் கடுமையானது. பாக்கி வைத்தவரின் வீட்டுத் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் கமிட்டி தடை சொல்லும் என்ற அச்சம் ஏழைக் குடும்பங்களில் இருக்கிறது. சாவு வீட்டில் ரசீதுப் புத்தகத்தை நீட்டியதை நேரில் பார்த்த பிறகு அந்த அச்சம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இவ்வளவுக்கும் சபை ஏன் கவலைப்படவில்லை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். சந்திப்புக்குச் சந்திப்பு சிலுவை தெரிகிறது. ஆராதனையில் நாலு குடும்பம் குறைந்தால் கூட்டத்தில் தெரியாது. போனவர்கள் ஆழமில்லாதவர்கள், உலகத்தைத் தேடிப் போனார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். கிறிஸ்தவர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும் ஊரில் ஒரு சபை இப்படி நடந்துகொண்டால் ஓராண்டில் பூட்டுத் தொங்கும். இங்கே எண்ணிக்கையின் பலம் ஆணவத்தின் செலவை மறைத்துவிடுகிறது. போனவர்களில் சிலர் கடைமாடியில் நடக்கும் பெந்தெகோஸ்தே சபைக்குப் போகிறார்கள். அங்கே கட்டிப்பிடித்து வரவேற்கிறார்கள், சில மாதம் கழித்துக் கம்மலைக் கழற்றச் சொல்கிறார்கள். வேறு சிலர் ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் ஆராதனை பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போகிறார்கள். எங்குமே போகாதவர்கள்தான் அதிகம் என்பது நான் பேசிப் பார்த்தவரையில் என் கணிப்பு. அவர்கள் கடவுளை விட்டுவிட்டவர்களாக எனக்குத் தெரியவில்லை. படிக்கட்டில் நிற்பவர்களைக் கடந்துபோக மனமில்லாதவர்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே சபையின் பெண்கள் சங்கத்தார், காய்ச்சலில் கிடந்த என் பக்கத்து வீட்டு மூதாட்டிக்குப் பத்து நாளும் கஞ்சி கொண்டுவந்தார்கள்; அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று கேட்கவில்லை. ஒக்கி புயலின்போது கடற்கரை ஊர்களுக்கு இங்கிருந்து அரிசி போனதைச் சபையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆக, இரக்கம் இந்தச் சபையில் இல்லாமல் இல்லை. துன்பத்தில் கிடப்பவரிடம் குனியத் தெரிந்தவர்களுக்கு, தம்மைப் போல் வாழாதவர் நிமிர்ந்து உள்ளே வரும்போது பக்கத்தில் இடம் கொடுக்கத் தெரியவில்லை.

கமிட்டியாருக்குச் சொல்ல வேண்டியதைக் கடிதமாகக் கொடுத்திருக்கிறேன்: காணிக்கைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் தொகையில்லாமல் ஒட்டலாம், வரவேற்புக் குழுவில் இளைஞர்களையும் பெண்களையும் சேர்க்கலாம், முன்வரிசையைக் காது கேளாத முதியோருக்கு ஒதுக்கலாம். பதில் வரவில்லை. செயலாளர் மட்டும் வழியில் பார்த்தபோது, "தம்பி இந்தச் சபைக்குப் புதுசு இல்லையா, போகப் போகத் தெரியும்" என்றார்.

இந்தச் சபைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் காலை ஆறரை மணிக்கு நடக்கும் முதல் ஆராதனைக்குப் போகலாம். வரவேற்புக் குழுவினர் இரண்டாம் ஆராதனைக்குத்தான் வருகிறார்கள், முதல் ஆராதனையில் பட்டியல் வாசிப்பும் கிடையாது, பிரசங்கமும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பாடகர் குழு அப்போது இருக்காது. அந்த ஒரு நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வண்டியைத் தெற்கு வாசல் பக்கம் நிறுத்துங்கள், ஐப்பசி மழையில் முன்வாசலில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்.