கூலி நோட்டைக் கேட்டவர்கள்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று பிறகு சொல்கிறேன். குறையும் எழுதப் போவதால் அந்தத் தொண்டு நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. சேலத்தில் குடும்பங்களுக்கும் குழந்தைகள் நல அலுவலகங்களுக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறவர்கள் என்பது போதும்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். வயது 49. கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் நானும் அம்மாவும். தங்கையை ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் முன்பே தவறிவிட்டார். போன வருடம் ஆடியில் அவளும் போய்விட்டாள். மிச்சம் பதினோரு வயதில் ஒரு பெண், எட்டு வயதில் ஒரு பையன். இரண்டு துணிப்பைகளோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி வந்தோம். சின்னவன் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே வந்தான். இருவருக்கும் காது குத்தியது என் மடியில்தான். வேறு யார் வீட்டுக்கு அனுப்புவேன்?

காரியம் முடிந்த மறுவாரமே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டீக்கடையில் பழக்கமான ஒருவர், தெரிந்த இல்லம் ஒன்று இருக்கிறது, சாப்பாடு இலவசம், இங்கிலீஷ் படிப்பு, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். ஆனால் பெண் ஓர் ஊரில் இருப்பாள், பையன் வேறோர் ஊரில் இருப்பான். வெள்ளி விலை ஏற ஏறப் பட்டறையில் வேலை குறைந்துகொண்டிருந்த நேரம் அது. பாதி மனது சரி என்று சொல்லிவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை.

மலையில் பிள்ளைகள் படித்த பள்ளி ஆசிரியைதான் இந்த நிறுவனத்துக்கு வழி சொன்னார். அரிசி, பருப்பு ஏதாவது கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். ஒரு பிடி அரிசி கிடைக்கவில்லை. என் விவரத்தை எழுதிக்கொண்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, பிள்ளைகள் ராத்திரி எங்கே படுக்கிறார்கள்?" அம்மாவோடு உள்ளறையில், நான் திண்ணையில் என்றேன். தனி ஆண், வளரும் பெண்பிள்ளை என்பதால் கேட்கிறார் என்று புரிந்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்துவிட்டேன். அவர் பதறவில்லை. "பிள்ளை யாரிடம் வளரலாம் என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழுவிலும் இதைக் கேட்பார்கள், இங்கேயே ஒருமுறை கோபப்பட்டுவிடுங்கள்" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

டீக்கடையில் பழக்கமானவர் சொன்ன இல்லத்துக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லங்கள் பதிவு பெற்றே தீரவேண்டுமாம். பதிவு பெற்ற இல்லமாகவே இருந்தாலும், பிள்ளையை அங்கே விடுவது வேறு வழியே இல்லாதபோது செய்யவேண்டியது என்று அதே சட்டம் சொல்கிறதாம். உறவுக்காரர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000. இந்த வழியைத் தாய்மாமன் எனக்கு யாரும் சொல்லவில்லை. பிரித்து அனுப்பும் வழியைச் சொல்ல மட்டும் ஊரே வந்தது.

குழந்தைகள் நலக் குழு முன்னால் போகவேண்டும் என்றதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "தொட்டிலில் போடப் போகிறாயா?" என்றாள். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையை அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். அந்தக் காலத்து ஆட்களுக்குப் பிள்ளையையும் அரசாங்கத்தையும் சேர்த்துச் சொன்னாலே அந்தத் தொட்டில்தான் கண்ணில் நிற்கும். அந்தப் பெண் வீட்டுக்கே வந்து, அம்மா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, விட்டுக்கொடுக்கக் கூப்பிடவில்லை, உங்களிடமே இருக்கட்டும் என்று எழுதி வாங்கத்தான் கூப்பிடுகிறோம் என்று ஒரு மணி நேரம் பேசினார். குழுவில் பிள்ளைகளைத் தனியாக வைத்துக் கேட்டார்கள். மாமாவுக்குச் சமைக்கத் தெரியாது, அம்மாயிக்குத் தெரியும் என்று பெரியவள் சொன்னாளாம்.

நான் நட்சத்திரம் கொடுப்பது முக்கியமாக வருமானச் சான்றிதழ் விஷயத்துக்கு. நாள்கூலி 450 ரூபாய் என்று நான் வாயால் சொன்னதை ஓர் அலுவலகத்தில் மாதம் 25 நாளுக்குப் பெருக்கி, ஆண்டுக்கு 1,35,000 என்று போட்டுவிட்டார்கள். விண்ணப்பம் அங்கேயே படுத்துவிட்டது. மாதம் 25 நாள் வேலை பார்த்து எனக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "கூலி நோட்டு இருக்கிறதா அண்ணா?" ஒரு வருட நோட்டை மேசையில் விரித்து நாள்நாளாக எண்ணினார். சராசரி 17 நாள். ஆண்டுக்கு 91,800. பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, மனு எழுதி, என்னோடு வந்து வரிசையில் நின்று, சான்றிதழைத் திருத்தி வாங்கினார். சத்தம் போடவில்லை. எனக்காகப் பொய்யும் எழுதவில்லை. நோட்டில் 20 நாள் இருந்திருந்தால் கிடைத்திருக்காது என்பதையும் முகத்துக்கு நேரே சொன்னார்.

தங்கையின் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை மாற்றம் இவற்றுக்காக இரண்டு முறை என்னோடு ஏற்காட்டுக்கும் பஸ்ஸில் வந்தார். டிக்கெட்டுக்கு நான் கொடுத்த காசை வாங்கவில்லை. மனு போட்டது புரட்டாசி, கணக்கில் பணம் ஏறியது வைகாசி. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 8,000. பெரியவளுக்குச் சைக்கிள் இன்னும் வாங்கவில்லை. சின்னவனுக்குப் பல் பார்த்தாயிற்று.

இனிக் குறை. சித்திரையில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். நன்கொடை தந்தவர்களின் திட்டக்காலம் முடிந்துவிட்டதாம். புதிதாக வந்தவர் முதலிலிருந்து எல்லாக் கேள்வியையும் கேட்டார், எங்கே படுக்கிறார்கள் என்பது உட்பட. கோப்பு எங்கே என்றால் தேடுகிறோம் என்கிறார்கள். நகல்கள் என் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் பிழைத்தேன். மாவட்டத்துக் குடும்பங்களின் காகிதத்தை ஒழுங்குபடுத்தித் தருகிறவர்கள் தங்கள் காகிதத்தைத் தொலைக்கலாமா?

இன்னொன்று, ஆண்டறிக்கைக்கு என்று பிள்ளைகளைப் படம் எடுக்கக் கேட்டார்கள். அவர்கள் சுவரிலேயே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரோ படமோ வெளியிடக்கூடாது, சட்டத்தின் 74ஆம் பிரிவு. அதைக் காட்டினேன். முதுகுப் பக்கமாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பெரியவளின் சடையைப் பார்த்தாலே எங்கள் தெருவில் யார் என்று சொல்லிவிடுவார்கள். வேண்டாம் என்றேன், விட்டுவிட்டார்கள், வற்புறுத்தவில்லை. ஆனாலும் அந்த ஐந்தாவது நட்சத்திரம் என்னிடமே இருக்கட்டும்.

போகிறவர்கள் காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் பாதிப் பேர் வெளிவேலையாகக் கிளம்பிவிடுகிறார்கள். எந்தக் காகிதம் கொடுத்தாலும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கூலி வேலைக்காரர்கள் நோட்டைக் கொண்டுபோங்கள், பழையதையும் சேர்த்து.