வீட்டில் வில்லுப்பாட்டுப் பதிவு: பவுண்டரி மைக் நீண்ட நாள் பயன்பாட்டில்

வில்லுப்பாட்டுக் குழு தரையில்தான் உட்காரும். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் தரையை ஒட்டியே ஒலிக்கும். ஸ்டாண்டில் மைக் வைத்தால் வாத்தியத்திலிருந்து நேரே வரும் ஒலிக்குப் பின்னால், தரையில் பட்டுத் திரும்பும் ஒலி சற்றுப் பிந்தி வந்து சேரும். இரண்டும் மோதி, சில அதிர்வெண்கள் காணாமல் போகும். உடுக்கை மூக்கடைத்த மாதிரி கேட்பது அதனால்தான். பவுண்டரி மைக் என்பது தரையில் தட்டையாக வைக்கும் மைக். அதன் காப்ஸ்யூல் (ஒலியை வாங்கும் பகுதி) தரையோடு ஒட்டி இருப்பதால் இரண்டு ஒலியும் ஒன்றாகவே சேர்கின்றன. அடைப்பு போகும், 6 டெசிபல் வலுவும் கூடும்.

மைக்கை வெறும் தரையில் வையுங்கள். ரெட் ஆக்சைடு, மொசைக், டைல்ஸ் எதுவானாலும் சரி. ஜமுக்காளத்தின் மேல் வைத்தால் ஜால்ராவின் மினுக்கு மங்கிவிடும். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையில் தூக்கி வைப்பதும் உதவாது. அந்த அளவுப் பலகையில் சுமார் 90 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் இறங்கி, குடத்தின் அடிநாதம் மெலியும்.

குடத்தின் வாயிலிருந்து மூன்று அடி தள்ளி, உடுக்கைக்காரர் பக்கம் சற்றே ஒதுக்கி வைத்தால் சமன் கிடைக்கும். இன்னும் நெருக்கினால் மட்டை அடிக்கும்போது கிளம்பும் காற்று காப்ஸ்யூலில் மோதி ‘பொத்’தென்று பதியும். எந்த ஈக்வலைசராலும் அதை எடுக்க முடியாது. குடத்தின் அதிர்வு தரை வழியாகவும் வரும். மைக்குக்கு அடியில் 2 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் போதும், தடித்த ஸ்பாஞ்ச் வேண்டாம். குடத்துக்கு அடியில் பிரிமணை தவறாமல் இருக்கட்டும்.

ஷூர் பீட்டா 91ஏ போன்ற அரை கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும்) பவுண்டரி மைக்கில் 400 ஹெர்ட்ஸ் பகுதியை 7 டெசிபல் குறைக்கும் சுவிட்ச் உண்டு. அது பேஸ் டிரம்முக்காக வைத்தது. மண்குடத்துக்கு அணைத்தே வையுங்கள், குடத்தின் உடம்பே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் தரும் பேன்டம் பவர் (வழக்கமாக 48 வோல்ட்) கட்டாயம் வேண்டும். மீட்டிங்குக்கு விற்கும் மலிவான யுஎஸ்பி பவுண்டரி மைக்கை வாங்காதீர்கள். அவற்றில் பலவும் ஒலி அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். குடத்தில் ஒரு அடி விழுந்ததும் பாட்டு அமுங்கி, பிறகு மெல்ல மேலே வரும்.

பாட்டுக்காரர் குரலுக்குத் தனி டைனமிக் மைக் வேண்டும், இதில் சமரசமே கிடையாது. இரண்டு டிராக்கையும் சேர்க்கும்போது தூர வித்தியாசத்தைச் சரிசெய்யுங்கள். நம்மூர் வெக்கையில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்டு ஆகும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) அது 138 சாம்பிள். தூர வித்தியாசத்தில் மீட்டருக்கு அந்த அளவு குரல் டிராக்கைப் பின்தள்ளினால் வில்மணியின் ஒலி இரட்டிக்காது. 24 பிட்டில், உச்ச அடி மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயின் (பதிவு அளவு) வையுங்கள். ஒத்திகையில் தட்டுவதைவிட உச்சகதியில் அடி எப்போதும் பலமாகவே விழும்.

பவுண்டரி மைக்கின் பெரிய குறை, அறையின் ஒலியை அப்படியே கொண்டுவருவது. கோயில் கொடையில் பாடும் வேகத்தைப் பத்துக்குப் பன்னிரண்டு அடி கான்கிரீட் அறைக்குள் வாசித்தால் எதிரொலி கரகரக்கும். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டுப் பயனில்லை, அது மெல்லிசு. இலவம்பஞ்சு மெத்தை இரண்டை, குழுவுக்கு எதிர்ச்சுவரிலும் ஒரு பக்கச் சுவரிலும் சாய்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆடிக்காற்று வீசும் நாளில் வாசற்கதவின் அடி இடுக்கில் துணி செருகுங்கள், தரையோடு வரும் காற்று நேரே மைக்கில்தான் மோதும்.

திருச்செந்தூர், உவரி மாதிரிக் கடலோர ஊர்களில் பதிவு முடிந்ததும் மைக்கைத் துடைத்து, சிலிகா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறிய காப்ஸ்யூல் முதலில் ‘சர்’ரென்று இரையும், பிறகு பட்பட்டென வெடிக்கும்.