பழைய ஹார்டுவேரைக் கழற்றிவிடுவது: லினக்ஸ், விண்டோஸ், நெட்பிஎஸ்டி

லினக்ஸ் பிறந்ததே இன்டெலின் 386 சிப் கொண்ட ஒரு கம்ப்யூட்டரில்தான். அந்தச் சிப்புக்கான நிரல் கோடை (code) 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து, அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதியிலிருந்து, தூக்கியபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. விட்டது தொல்லை என்கிற தொனியில்தான் எழுதினார். காரணம் இருந்தது. மெமரியில் ஒரு பக்கத்தை (ஒரு துண்டை) ‘எழுதக் கூடாது’ என்று குறித்து வைத்தாலும், எழுத வருவது கெர்னல் என்றால் 386 கண்டுகொள்ளாது. அதைத் தடுக்கும் வசதி 486-இல்தான் வந்தது. ஆகவே 386-க்காக மட்டும், சாதாரண புரோகிராம்களின் மெமரியில் எழுதும் முன் கெர்னலே பக்கத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. பல ப்ராசசர்கள் ஒரே மெமரியில் மோதிக்கொள்ளாமல் தடுக்கும் பூட்டுகளுக்கு அடிப்படையான ‘ஒப்பிட்டு மாற்று’ கட்டளையும் அதில் கிடையாது. பல ப்ராசசர் சார்ந்த கோடைத் தொடும்போதெல்லாம் இந்த ஒரு சிப்பால் கூடுதல் வேலை என்பதுதான், நீக்கச் சொன்ன கெர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னாரின் வாதம்.

வயது ஒரு பொருட்டே இல்லை என்பதைக் கவனியுங்கள். 1984-இல் வந்த மோட்டரோலா 68020 சிப்பில் லினக்ஸ் இன்னும் ஓடும். 2001-இல் வந்த இன்டெலின் இட்டானியம் சிப், 2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.7-இல் காலி. முன்னதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, பின்னதற்கு இல்லை. அவ்வளவுதான்.

விண்டோஸ் 11 எல்லைக் கோடு போட்ட விதம் வேறு. 2021-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்டது சரி, பாதுகாப்புக்கு என்று ஏற்கலாம். ஆனால் அதோடு ஒரு ப்ராசசர் பட்டியலும் வந்தது: இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 முதல். கெர்னல் கோடைக் காக்கும் ஹெச்விசிஐ என்ற விண்டோஸ் அம்சம் வேகமாக ஓட உதவும் ஹார்டுவேர் வசதி இன்டெலின் 7-ஆம் தலைமுறையிலேயே இருக்கிறது; அது வெளியே. அந்த வசதி இல்லாத ரைசன் 2000 உள்ளே! பிறகு 7-ஆம் தலைமுறையின் 7820ஹெச்க்யூ சிப்புக்கு விலக்கு கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்டின் சொந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருந்தது அதே சிப். 2024-இன் 24ஹெச்2 பதிப்பு பூட் ஆகவே எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் வேண்டும். இது உண்மையான தொழில்நுட்ப எல்லை. ஆனால் இன்டெலில் அவை 2008 முதலே உண்டு. இடைப்பட்ட வருடங்களின் மெஷின்களை வெளியே நிறுத்தியது பட்டியல்தான், சிப் அல்ல.

ஆப்பிள் கதை சுருக்கம். கடைசி பவர்பிசி மேக் 2006 வரை விற்பனையில் இருந்தது, 2009-இன் ஸ்னோ லெப்பர்ட் அதில் ஏறாது. கறார்தான். ஆனால் மெஷினும் அவர்களுடையது, ஓஎஸ்ஸும் அவர்களுடையது.

எதையும் விடமாட்டேன் என்பது, லினக்ஸ் போலவே இலவச ஓஎஸ்ஸான நெட்பிஎஸ்டியின் கட்சி. டிஇசி நிறுவனத்தின் பழங்கால வாக்ஸ் மெஷினுக்குக்கூட இன்றும் பதிப்பு வருகிறது. வேகமான ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கம்பைல் (கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றுவது) செய்துவிட முடிவதால் இது கட்டுப்படியாகிறது. அதன் உறவான ஓபன்பிஎஸ்டி அப்படியில்லை: எந்த மெஷினுக்கோ அந்த மெஷினிலேயே கம்பைல் ஆக வேண்டும். அந்த வாக்ஸை அவர்கள் 2016-இல், 5.9 பதிப்போடு விட்டுவிட்டார்கள். எனக்கு ஓபன்பிஎஸ்டி வழிதான் நேர்மையாகப் படுகிறது. கம்பைல் ஆனது என்பதால் ஓடும் என்று அர்த்தமில்லை. யாரும் ஓட்டிப் பார்க்காத ஆதரவு பெயரளவுக்குத்தான்.

கையில் 32-பிட் மெஷின் வைத்திருப்பவருக்கு என்ன வழி? லினக்ஸ் விநியோகமான டெபியனின் 13-ஆம் பதிப்பில் அதற்கு இன்ஸ்டாலரே இல்லை. டெபியன் 12 போட்டால் 2028 ஜூன் வரை எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) அப்டேட் வரும், அதற்கப்புறம் நெட்பிஎஸ்டி. பிரவுசர்தான் முதலில் காலை வாரும்: லினக்ஸுக்கான 32-பிட் ஃபயர்ஃபாக்ஸை மொசில்லா 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது.