அரிசி மூட்டைக்கு நடுவில் எலி: மருந்துக் கேக்கா, கூண்டா, ஸ்பிரிங் பொறியா?

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு மளிகைக் கடை. முன்னால் வியாபாரம். பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. பொன்னி, இட்லி அரிசி, துவரம்பருப்பு மூட்டையெல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம். தேக்கு உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்குச் சந்து, பின்சுவரை ஒட்டி மழைநீர்க் கால்வாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, வளைக்குள் இருந்ததெல்லாம் மேலே ஏறி உள்ளே வந்துவிட்டது. அந்த மாதம் மட்டும் ஏழு மூட்டையில் ஓட்டை.

அதிலிருந்து ஒன்றரை வருடத்தில் கடைகளில் கிடைக்கிற நான்கு வழியையும் பார்த்துவிட்டேன். இன்று நான் வைத்திருப்பது ஸ்பிரிங் பொறி மட்டும்தான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே தெரிந்துகொண்டு படியுங்கள்.

ஒட்டு அட்டையை முதலில் முடித்துவிடுகிறேன். விலை குறைவு, வைப்பது சுலபம், சுண்டெலி நன்றாகவே மாட்டும். ஆனால் மாட்டியது சாகாது. ராத்திரி பதினொன்றுக்கு ஒட்டியது காலை ஆறு மணிக்கும் தோல் உரிய இழுத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. அதை எங்கள் கடைப் பையன் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. இந்திய விலங்குகள் நல வாரியமே இதை வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அரிசித் தூசி படிந்தால் இரண்டே நாளில் பசையும் போய்விடும். ஒரு பல்லி ஒட்டிக்கொண்ட அன்றோடு நிறுத்திவிட்டேன்.

கம்பிக் கூண்டு அப்படி இல்லை, அதற்கு மரியாதை உண்டு. எங்கள் அப்பா காலத்திலிருந்து வடசென்னை வீடுகளில் இருப்பது அதுதான். மசால் வடை ஒன்றைக் கொக்கியில் மாட்டி வைத்தால் போதும். செலவு ஒரே முறை. குழந்தைக்கு ஆபத்து இல்லை, பூனைக்கும் இல்லை. பெருச்சாளியைக்கூடப் பிடிக்கும், கம்பி தடிமனாக இருந்தால்.

சிக்கல் விடிந்த பிறகுதான். உள்ளே உயிரோடு ஒரு எலி. அதை என்ன செய்வது? பக்கிங்காம் கால்வாய் ஓரம் விட்டால் நம் தொல்லையை இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிறோம். அடுத்த தெருவிலேயே விட்டால் அது திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. வாளித் தண்ணீரில் அமுக்குவார்கள். அதை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், மூன்றாவது முறை கை வரவில்லை. அது சீக்கிரம் முடிகிற சாவு இல்லை. அதோடு பயத்தில் எலி மூத்திரம் விடும், அந்தத் தண்ணீர் நம் கால்மேல் தெறிக்கும். எலிக்காய்ச்சல் கிருமி பெரும்பாலும் பரவுவது எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருந்துதான். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் உள்ளே போகும். மாதம் ஒன்று இரண்டு எலி வருகிற வீட்டுக்குக் கூண்டு போதும். வாரம் நான்கு பிடிக்க வேண்டிய கடைக்கு அது தினமும் ஒரு வேலை.

சரி, இப்போது மருந்து. பெரும்பாலான கடைக்காரர்கள் இதில்தான் நிற்கிறார்கள், நானும் நின்றேன். மருந்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட், தக்காளியில் தடவி வைப்பார்களே, அது. மனிதர் சாப்பிட்டால் ஈரலை அழித்துவிடும், முறிமருந்து கிடையாது, தமிழ்நாட்டில் தடை. அடுத்து ஜிங்க் பாஸ்பைடு, கருஞ்சாம்பல் தூள். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பிக் கொல்லும், இதற்கும் முறிமருந்து இல்லை. மூன்றாவதுதான் புரோமாடியலோன் கேக், நூறில் 0.005 பங்குதான் மருந்து, மீதி தானியமும் மெழுகும். ரத்தம் உறைவதைத் தடுத்து உள்ளே கசிய வைத்துக் கொல்லும். இதற்கு மட்டும் வைட்டமின் கே1 முறிமருந்தாக இருக்கிறது. ஆகவே மருந்துதான் என்று முடிவு செய்தவர்கள் மூன்றாவதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

கேக் எலியைக் கொல்கிறதா என்றால், நிச்சயமாகக் கொல்கிறது. அதில் எனக்குப் புகாரே இல்லை. தின்றதும் வயிறு வலிக்காததால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது, கூட்டமே வந்து தின்னும். நான்கைந்து நாளில் சத்தம் அடங்கும். என் கேள்வி வேறு: செத்த எலி எங்கே கிடக்கிறது?

விற்கிறவர் சொல்வார், தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும், நாறாது என்று. நானும் நம்பினேன். நடப்பது அதுவல்ல. ரத்தம் கசியக் கசிய எலி நாளுக்கு நாள் சோர்ந்துபோகிறது. சோர்ந்த பிராணி வெளியே அலையாது. தன் பொந்துக்குப் போய்ப் படுத்துவிடும். எங்கள் கடையில் அதன் பொந்து மூட்டைகளுக்கு அடியில்.

கேக் வைத்த ஆறாம் நாள் லேசாக வாடை. ஏழாம் நாள், எட்டு வருடமாக எங்களிடமே வாங்குகிற ஒரு அம்மா அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பக் கொட்டிவிட்டு, "அப்புறம் வர்றேன் தம்பி" என்று போய்விட்டார். அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நானும் பையனும் நாற்பத்திரண்டு மூட்டையை இறக்கினோம். கடைசி வரிசைக்கு அடியில், மரப்பலகைக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு எலி. மேலே இருந்த மூட்டையின் அடிப்பக்கம் நனைந்து, சாக்கு கருத்து, அரிசி கட்டியாக ஒட்டியிருந்தது. இரண்டு மூட்டை குப்பைக்குப் போனது. மூன்றாவது எலி உத்திரத்துச் சந்தில் எங்கேயோ. அதை எடுக்கவே முடியவில்லை, வாடை தானாக அடங்கப் பதினைந்து நாள் ஆனது. இருபத்தைந்து ரூபாய் கேக்குக்கு நான் கொடுத்த உண்மையான விலை இரண்டு மூட்டைப் பொன்னியும் அந்த அம்மாவும். அவர் பிறகு வரவில்லை.

இதற்கு நடுவில் 2024 நவம்பர் செய்தி. குன்றத்தூரில் ஒரு வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். கேக்கில் அப்படி வாயு கிளம்பாது என்று தெரியும். இருந்தாலும் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் வீடு. "இனி எந்த மருந்தும் உள்ளே வரக்கூடாது" என்று மனைவி சொன்னபோது எனக்கு மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

அப்படித்தான் பாரிமுனைப் பக்கம் இரும்புச் சாமான் கடை ஒன்றுக்குப் போனேன். ஸ்பிரிங் பொறி என்று கேட்டதும் கடைக்கார பாய் திருப்பிக் கேட்டார்: "எலிக்கா, சுண்டெலிக்கா, பெருச்சாளிக்கா? அத மொதல்ல சொல்லுங்க." அந்தக் கேள்வியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

சுண்டெலி 20 கிராம் இருந்தால் அதிகம். வீட்டெலி 150, 200 கிராம். வளர்ந்த பெரிய பெருச்சாளி ஒரு கிலோவைத் தொடும். சின்னப் பொறியில் வீட்டெலி மாட்டினால் அடி விழும், சாகாது. பொறியோடு இழுத்துக்கொண்டு மூட்டைக்கு அடியில் போய்விடும். அது கேக்கைவிடக் கொடுமை. பெரிய பொறியில் சுண்டெலி ஏறினால் அதன் எடைக்குத் தட்டு அசையாது, இரையைத் தின்றுவிட்டு இறங்கிப் போகும். ஸ்பிரிங் பொறி வேலை செய்யவில்லை என்கிறவர்களில் பாதிப் பேர் அளவு மாற்றி வாங்கியவர்கள் என்பது என் எண்ணம். எங்கள் கடைக்கு வருவது பெரும்பாலும் வீட்டெலி. அதனால் ஏழு அங்குல நீளத்தில் நான்கும், சுண்டெலிக்குச் சின்னதாக இரண்டும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள்.

வைக்கும் முறை முக்கியம். எலி நடுத்தரையில் ஓடாது. மீசை உரச, சுவரை ஒட்டித்தான் ஓடும். பொறியின் தட்டு சுவரைத் தொடும்படி, குறுக்காக வைக்க வேண்டும். புதுப் பொருளைக் கண்டால் எலி சில நாள் விலகியே போகும் என்பதால் முதல் மூன்று ராத்திரி ஸ்பிரிங்கை ஏற்றாமல் இரை மட்டும் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் நான்கிலும் இரை காலி. நான்காம் ராத்திரி ஏற்றினேன். கடையைச் சாத்திப் படி ஏறும்போதே உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். விடிவதற்குள் மூன்று. எல்லாம் கழுத்தில் அடிபட்டு, வைத்த இடத்திலேயே.

இரைக்குக் கருவாட்டுத் துண்டை வெறுமனே வைத்தால் உருவிக்கொண்டு போய்விடும். தட்டில் நூலால் இறுக்கிக் கட்டுகிறேன், கடித்து இழுத்தால்தான் வரும். ஒரு கவனம்: கருவாட்டு வாடைக்கு மூஞ்சூறும் வரும். அது எலி இனமே இல்லை, கரப்பானைத் தின்று நமக்கு உதவுகிற பிராணி. கீச் கீச் என்ற சத்தமோ அந்தக் கஸ்தூரி வாடையோ இருக்கிற மூலையில் கருவாட்டை விட்டுவிட்டுச் சுட்ட தேங்காய்ச் சில்லு வையுங்கள்.

விரல் மாட்டும், பூனைக் கால் மாட்டும் என்ற பயம் நியாயமானது. நான் காலி எண்ணெய் டின்னைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் எலி நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, பொறியை உள்ளே வைத்திருக்கிறேன். இருட்டான குகை மாதிரி இருப்பதால் எலியும் கூச்சமில்லாமல் நுழைகிறது.

பராமரிப்பு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். தினமும் காலையில் கடை திறக்கும் முன் ஆறு பொறியையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் எறும்பு மொய்த்துவிடும். கையுறை போட்டு எடுத்து, காகிதத்தில் சுற்றி, பையில் கட்டி அகற்றி, அந்த இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைக்க ஐந்து நிமிடம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் ஸ்பிரிங்கில் உப்புக்காற்றுத் துரு ஏறுகிறது. துரு ஏறினால் அடி மெதுவாக விழும், எலி தப்பும் அல்லது அரைகுறையாக மாட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். மண்ணெண்ணெய் வேண்டாம், அந்த நெடிக்கு எலி கிட்டே வராது. இந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாத கோடவுனுக்கு என் யோசனை பொருந்தாது.

பெருச்சாளி விஷயத்தில் என் அனுபவம் குறைவு. இதுவரை பிடித்தது இரண்டே இரண்டு, இரண்டும் கால்வாய்ப் பக்கக் கதவருகில். ஒன்று பொறியோடு நாலடி நகர்ந்திருந்தது. காசிமேட்டில் வலை வைக்கிற ஷெட்டுக்கு இதுவே போதுமா என்று என் மச்சான் கேட்கிறார். இரும்பு அடித்தட்டு உள்ள பெரிய பொறி இரண்டு மட்டும் வாங்கி, சங்கிலி போட்டு ஆணியில் மாட்டி, ஒரு மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வைத்தால்தான் தெரியும். தண்ணீர் ஏறிய பிறகு வருகிற கூட்டத்துக்கு இரண்டு பொறி காணாது.